ஸ்விங் இடைமுகக் கருவித்தொகுப்பின் தோற்றச் செப்பம்: ஒரு திறனாய்வு

முன்னுரை

கணினித் திரையில் காணும் பொத்தான், பட்டியல், உரைப்பெட்டி முதலியவற்றை நிரலர் ஒவ்வொருவரும் தாமே வரைவதில்லை. இவற்றை ஆயத்தமாக வழங்குவது வரைகலை இடைமுகக் கருவித்தொகுப்பு ஆகும். அதன் தோற்றத்தைச் செப்பமிடுதல் வெறும் ஒப்பனையே என்னும் கருத்து நிலவுகிறது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் உருவாக்கிய ஜாவா மொழிக்குரிய ஸ்விங் தொகுப்பைச் சான்றாகக் கொண்டு அக்கருத்தை மறுபரிசீலனை செய்கிறது இக்கட்டுரை.

நிறவழிச் செப்பம்

1998இல் ஜாவா 1.2 பதிப்பின் பகுதியாக அமைந்த ஸ்விங், எல்லா இயங்குதளங்களுக்கும் பொதுவாக 'மெட்டல்' என்னும் தோற்றத்தைக் கொண்டிருந்தது. விண்டோஸ் முதலிய தளங்களின் தோற்றத்தைப் போலச்செய்யவும் வழிவகுத்தது. ஆயினும் மூலம் மாறுந்தோறும் போலி பின்தங்கியது. 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியின் தோற்றம் 2003இல்தான் ஸ்விங்கில் இடம்பெற்றது. 2004இல் ஜாவா 5, மெட்டலுக்கு 'ஓஷன்' என்னும் புதிய நிறக்கோலம் தந்தது. நிறம் மாறியது, சீரின்மை எஞ்சியது.

அளவுவழிச் செப்பம்

'பெயர்' என்னும் குறிப்புச்சொல்லையும் அருகிலுள்ள உரைப்பெட்டியையும் மேல்விளிம்பு ஒத்திருக்குமாறு வைத்தால், பெட்டியின் விளிம்பும் உள்ளிடைவெளியும் உள்ளே தட்டச்சிடும் எழுத்தைக் கீழே தள்ளும். இரண்டும் ஒரே வரியில் நில்லா. நிரலர் படப்புள்ளிகளை எண்ணி இதனைச் சரிசெய்தனர். எழுத்துரு மாறினால் அக்கணக்குப் பிழைபடும். ஆங்கில எழுத்துக்கென அளந்த படிவத்தைத் தமிழாக்குவோர்க்கும் இவ்விடர் உண்டு.

2006இல் வெளிவந்த ஜாவா 6 இதற்குத் தீர்வு கண்டது. எழுத்துகள் அமரும் கோடு தன்னுள் எவ்விடத்தில் உள்ளது என்பதை ஒவ்வோர் உறுப்பும் தானே தெரிவிக்கும் வசதி உருவாயிற்று. அக்கோட்டை ஒட்டி உறுப்புகளை வரிசைப்படுத்தும் முறையும், தோற்றத்திற்கேற்ப இடைவெளியைப் பரிந்துரைக்கும் முறையும் உடன் சேர்ந்தன. அளக்கும் பொறுப்பு நிரலரிடமிருந்து தொகுப்புக்கு மாறியது. ஓஷன் கண்ணைக் கவர்ந்தது. இம்மாற்றமோ உழைப்பைக் குறைத்தது.

குறைகள்

எனினும் இப்பயன் தானாகக் கிட்டவில்லை. உறுப்புகளை வரிசையாக அடுக்கும் பழைய முறையில் இவ்வசதி இயல்பில் அணைக்கப்பட்டே இருந்தது. நிரலர் வேண்டினாலன்றிச் செயற்படாது. 2008இல் சேர்ந்த 'நிம்பஸ்' தோற்றம், எந்த அளவிலும் தெளிவு குன்றாதவாறு திசையன் முறையில் வரையப்பட்டது. அதுவும் இயல்பான தோற்றமாக ஆக்கப்படவில்லை. அவ்விடத்தில் மெட்டலே நீடித்தது. பழைய நிரல்களின் அமைப்பைக் குலைக்காமை ஒரு நெறியே. ஆனால் அதற்கான விலையைப் புதிய நிரல்களும் செலுத்த நேர்ந்தது.

முடிவுரை

தோற்றச் செப்பம் நிறத்தில் தொடங்கினாலும் அளவில்தான் நிறைவுறுகிறது என்பதை ஸ்விங்கின் வரலாறு காட்டுகிறது. செப்பம் கேட்டுப் பெறும் சலுகையாக இருக்கும்வரை, அதனை அறியாத நிரலரின் பயனருக்கு அது சென்றடையாது. ஆகவே, கருவித்தொகுப்பை மதிப்பிடும் ஆய்வாளர் அதன் மிகச்சிறந்த தோற்றத்தை அல்ல, எதையும் தேர்ந்தெடுக்காதவருக்கு அது வழங்கும் தோற்றத்தையே அளவுகோலாகக் கொள்ளுதல் தகும்.