நாய்ப்பிணம், நிலம், ‘ஆள்’

‘நாய் செத்ததற்கெல்லாம் விமர்சனக் கட்டுரையா?’ என்று நண்பர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். வளர்த்த பிராணிக்காக அழுவது மேல்நாட்டு மோகம் என்றொரு எண்ணம் நம்மிடையே இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. இறந்துபட்ட வீரனோடு, கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற அவனது நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. ‘கோவிவன்’ என்று நாயின் பெயரும் கல்லில் இருக்கிறது. ஆக, துக்கம் ஒன்றும் இறக்குமதிச் சரக்கல்ல.

என் கேள்வி வேறு. நாய் இறந்த வீட்டில் ‘புதைப்பதா, எரிப்பதா?’ என்று பேசப்படும்போது பேசப்படாமல் விடப்படுவது எது? இதை யோசிக்க எனக்கு உதவிய பிரதி ஜே.எம். கூட்ஸியின் ‘டிஸ்கிரேஸ்’ (1999). நிறவெறி ஆட்சி முடிந்த தென்னாப்பிரிக்கா. மாணவி ஒருத்தியிடம் நடந்துகொண்ட விதத்துக்காக வேலையிழந்த வெள்ளைப் பேராசிரியன் டேவிட் லூரி, கிழக்குக் கேப் பகுதியில் இருக்கும் மகள் லூசியின் பண்ணைக்கு வந்து சேர்கிறான். அவள் பிறர் விட்டுச்செல்லும் நாய்களைப் பராமரித்துப் பிழைப்பவள்.

இந்த நாவலில் புதைப்பும் உண்டு, எரிப்பும் உண்டு. மூன்று பேர் பண்ணைக்குள் புகுந்து லூசியை வன்புணர்ந்து, கூண்டிலிருந்த நாய்களைச் சுட்டுவிட்டுப் போகிறார்கள். லூரி பண்ணையிலேயே குழி வெட்டி நாய்களை ஒவ்வொன்றாகத் தள்ளி மூடுகிறான். கறுப்பு மனிதனின் வாடை பட்டாலே உறுமும்படி நாய்களை வளர்த்த நாடு இது என்பதும் அப்போது அவன் நினைவில் ஓடுகிறது. ‘செல்லப் பிராணி’ என்ற சொல்லின் அப்பாவித்தனம் அங்கேயே கழன்றுவிடுகிறது.

இன்னொரு பக்கம், யாருக்கும் வேண்டாத நாய்கள். பெவ் ஷாவின் பிராணிகள் மருத்துவ நிலையத்தில் ஞாயிறுதோறும் ஊசி போட்டுக் கொல்லப்படுகின்றன. ஆஸ்பத்திரி எரியுலைக்குப் பிணங்களைக் கொண்டுபோகும் பொறுப்பு லூரியுடையது. அன்று மாலையே போட்டுவிட்டு வரலாம். ஆனால் ஆஸ்பத்திரிக் கழிவுகளோடு இரவெல்லாம் அவை கிடக்க வேண்டியிருக்கும் என்பதால் திங்கள் காலைவரை வண்டியிலேயே வைத்திருக்கிறான். விறைத்த கால்கள் உலைக்குள் சிக்காமலிருக்க வேலையாட்கள் பைகளை மண்வாரியால் அடித்து ஒடிப்பதைப் பார்த்தபின், உலையில் ஏற்றும் வேலையையும் தானே எடுத்துக்கொள்கிறான்.

இதை ஒரு பாவியின் மீட்சியாக வாசிப்பது சுலபம். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. அந்த வாசிப்பில் பெட்ரஸ் காணாமல் போய்விடுகிறான். பெட்ரஸ் கறுப்பன், தோட்டக்காரன், நாய்க்காரன் என்று தன்னை லூரிக்கு அறிமுகப்படுத்திக்கொண்டவன். 1913ஆம் ஆண்டுச் சட்டம் அவன் இனத்துக்கு நாட்டில் ஏறத்தாழ 7 சதவீத நிலத்தையே விட்டுவைத்தது. நாவலில் அவனுக்கு இப்போது சொந்தமாக நிலம் வருகிறது. வந்ததும், தான் இனி நாய்க்காரன் அல்ல என்று விருந்தில் அறிவித்துவிடுகிறான். பெட்ரஸ் உதறிய வேலையைத்தான் லூரி எடுத்துக்கொள்கிறான். ஒருவன் பிணத்திலிருந்து நிலத்துக்கு நகர்கிறான். மற்றவன் நிலத்திலிருந்து பிணத்துக்கு. நாவலின் அரசியல் இந்த இடமாற்றத்தில் இருக்கிறது, லூரியின் மனசாட்சியில் அல்ல.

லூரியின் இந்தப் புதிய நிலையைச் சொல்லக் கூட்ஸி கையாளும் சொற்களில் ஒன்று ‘ஹரிஜன்’. தமிழ் வாசகன் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய காந்தி 1930களில் பரப்பிய சொல், தலித் இயக்கங்கள் வேண்டாமென்று தூக்கியெறிந்த சொல், ஒரு வெள்ளைக்காரனின் தேர்வுக்கு அணியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. லூரி நினைத்தால் நாளைக்கே இந்த வேலையை விட்டுவிடலாம். பிறப்பினால் இந்த வேலை சுமத்தப்பட்டவனுக்கு அந்த வசதி கிடையாது. தானே விரும்பி ஏற்கும் தீட்டும் சுமத்தப்பட்ட தீட்டும் ஒன்றல்ல.

பெட்ரஸின் வாசகத்துக்கு நிகரானதை நாம் 2016இல் குஜராத்தில் கேட்டோம். ஊனாவில் செத்த மாட்டின் தோலை உரித்த தலித்துகள் கட்டிவைத்து அடிக்கப்பட்டபின், சுரேந்திரநகர் ஆட்சியர் அலுவலகத்தின் முன் மாட்டுப் பிணங்கள் கொண்டுவந்து போடப்பட்டன. மாட்டின் வாலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு நிலம் கொடுங்கள் என்பதே அந்தப் போராட்டத்தின் குரல். பிணத்தை மறுப்பதும் நிலத்தைக் கேட்பதும் ஒரே வாக்கியமாயின.

இனி நம் வீட்டுக்கு வருவோம். நாய் இறந்த வீடுகளில் நான் திரும்பத் திரும்பக் கேட்டது இது: ‘யாராவது ஆள் இருந்தா சொல்லுங்க சார், எவ்ளோன்னாலும் குடுத்துடலாம்.’ இந்த ‘ஆள்’ யார்? அகராதியில் ஆள் என்றால் மனிதன். இந்த வாக்கியத்தில் மட்டும் அது எந்தத் தெருவிலிருந்து வருகிற மனிதன் என்று சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். மடியில் வைத்துக் கொஞ்சிய உடம்பு, மூச்சு நின்ற கணத்தில் தொடக்கூடாததாகி, அதைத் தொடுவதற்கென்றே ஒருவர் தேவைப்படுகிறார். புதைப்பதா எரிப்பதா என்ற கேள்வி ‘யார் கையால்?’ என்ற கேள்வியைத்தான் மூடிவைக்கிறது.

கொல்லை உள்ளவன் புதைக்கிறான். மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருப்பவனுக்குக் குழி வெட்ட ஓரடி மண்ணும் சொந்தமில்லை. அவனை நான் குற்றஞ்சொல்லவில்லை. நவீன எரியுலை வந்தால் இந்தப் பிரச்சினையே தீர்ந்துவிடும் என்கிறார்கள். உலையில் தள்ளவும் ஒரு கை வேண்டும். அந்தக் கை யாருடையது என்பதை எந்திரம் மாற்றிவிடுவதில்லை. மண்வாரி ஓங்கிய அந்த வேலையாட்களைக் கொடியவர்கள் என்று நாவல் காட்டுவதில்லை. தினமும் அதே உலை, அதே பைகள். மரியாதை காட்ட நேரம் வேண்டும். கூலிக்கு வேலை செய்பவனுக்கு அதை யாரும் கொடுப்பதில்லை.

எனவே மண்ணா நெருப்பா என்பதில் எனக்குப் பிடிவாதம் ஏதுமில்லை. மண் இருந்தால் நாமே வெட்டுவோம். இல்லையென்றால் உலைவரை நாமே சுமந்து போவோம். முடியாத முதியவருக்கு வேறொருவர் செய்தால், அது கையுறையும் உரிய கூலியும் உள்ள, வேண்டாமென்று மறுக்கவும் முடிகிற வேலையாக இருக்கட்டும். நாயின் மேல் வைத்த பாசம் பெரியதுதான். ஆனால் அந்தப் பாசத்தின் கடைசி வேலையை ஒரு சாதியின் தலையில் கட்டிவிட்டு நாம் அழும் அழுகையை என்னால் துக்கமென்று மட்டும் வாசிக்க முடியவில்லை.