கிரேவ்ஸ் என்றே அச்சிட்டிருக்கிறார்கள்

படம் பார்த்துவிட்டு அதன் திரைக்கதைப் புத்தகத்தை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரு நம்பிக்கையோடுதான் வாங்குகிறார்கள். திரையில் கண்டது கட்டி முடித்த வீடு, கையில் இருப்பது அதன் வரைபடம் என்பது அந்த நம்பிக்கை. ஜே. கே. ரௌலிங் முதன்முதலாக எழுதிய திரைக்கதையான ‘ஃபன்டாஸ்டிக் பீஸ்ட்ஸ் அண்ட் வேர் டு ஃபைண்ட் தெம்’ அப்படி வாங்கப்பட்ட புத்தகங்களில் ஒன்று. 2016 நவம்பர் 18 அன்று அமெரிக்கத் திரையரங்குகளுக்குப் படம் வந்தது. அதே நாளில் புத்தகமும் கடைகளுக்கு வந்தது. ஆனால் படத்தைப் பார்த்த கையோடு இதைப் படித்தால் வரைபடம் என்ற எண்ணம் சில பக்கங்களிலேயே தளர்ந்துவிடுகிறது. இது படப்பிடிப்புத் தளத்தில் கசங்கிய பிரதி போலத் தெரியவில்லை. வாசகருக்கென்றே அலங்கரித்து, திரைக்கதையின் உடுப்பை மாட்டிவிட்ட ஒரு கதைப் புத்தகம். இதன் சுவைகளும் குறைகளும் இந்த வேடத்திலிருந்துதான் பிறக்கின்றன.

முதலில் சுவை. படத்தின் பெரிய திருப்பம் எல்லாரும் அறிந்ததே. 1926ஆம் ஆண்டு நியூயார்க்கில் மந்திரவாதிகளின் அரசில் உயர் பதவியில் இருக்கும் பெர்சிவல் கிரேவ்ஸ், உண்மையில் ஐரோப்பாவை நடுங்கவைத்துவிட்டுத் தலைமறைவான கிரிண்டல்வால்ட். திரையில் இந்த ரகசியத்தைக் காலின் ஃபாரலின் முகம் காப்பாற்றுகிறது. காகிதத்தில் முகம் கிடையாது. வசனத்துக்கு மேலே பேசுபவரின் பெயரைப் போட்டாக வேண்டும். அங்கே கடைசிக் கட்டம் வரை ‘கிரேவ்ஸ்’ என்றே அச்சிட்டிருக்கிறார்கள். படத்தின் நாயகனான நியூட் ஸ்கமேண்டர் மந்திரத்தால் வேடத்தைக் கலைத்த பிறகுதான் அந்த இடத்தில் பெயர் மாறுகிறது. படம் பார்த்துவிட்டுப் படிக்கிறவருக்கு, அதற்கு முந்தைய ஒவ்வொரு ‘கிரேவ்ஸ்’ம் தெரிந்தே சொல்லப்படும் பொய். நியூட்டை விசாரிக்கும்போது, கிரிண்டல்வால்டின் பழைய நண்பரான டம்பிள்டோர் ஏன் இவன்மேல் இத்தனை பிரியம் வைத்திருக்கிறார் என்று கிரேவ்ஸ் கேட்கிறாரே, திரையரங்கில் அது அதிகாரியின் கேள்வியாகக் கேட்டது. பக்கத்தில் படிக்கும்போது பழைய காயத்தின் எரிச்சலாகக் கேட்கிறது. சிறுவன் கிரிடென்ஸின் கழுத்தில் மாட்டிவிடும், கிரிண்டல்வால்டுக்குரிய சின்னமும் அப்படித்தான். அவசரமில்லாமல் முன்னும் பின்னும் புரட்டிப் பார்க்கும் வசதி திரையரங்க இருக்கையில் கிடையாது.

ஆடை வடிவமைப்பாளருக்கோ கேமராக்காரருக்கோ இந்த மறைப்பால் ஒரு பயனும் இல்லை. யார் யாரென்று அவர்களுக்கு முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். மறைத்து வைப்பது வாசகருக்காக மட்டுமே. நாவலாசிரியரின் பழைய கைப்பழக்கம் புது வடிவத்துக்குள்ளும் வேலை செய்கிறது.

காதில் நழுவியதைக் கண் பிடித்துக்கொள்வது இரண்டாவது ஆதாயம். மாயப்புனைவுப் படங்களில் புதுப் பெயர்கள் மழையாகக் கொட்டும். அடக்கி ஒடுக்கப்பட்ட மந்திர ஆற்றல் கரும்படலமாக வெடித்துக் கிளம்பினால் அது ‘அப்ஸ்க்யூரஸ்’. அதைத் தனக்குள் சுமக்கும் குழந்தை ‘அப்ஸ்க்யூரியல்’. இந்த வேறுபாட்டின் மேல்தான் கதையின் துயரமே நிற்கிறது. அழிக்கப்பட வேண்டிய சக்தி ஒன்று, காப்பாற்றப்பட வேண்டிய பிள்ளை வேறொன்று. இரைச்சலும் இடிபாடுமாக ஓடும் காட்சிகளுக்கு நடுவே இரண்டு சொல்லும் ஒன்றாகவே கேட்கின்றன. அச்சில் பிரிந்து நிற்கின்றன. சுரங்க ரயில் நிலையத்தில், அப்ஸ்க்யூரியலான கிரிடென்ஸ் அழிந்ததாக நினைக்கும் கட்டத்தில் ஒரு கரிய இழை மட்டும் தப்பிப் போவதையும் பலர் திரையில் கவனிக்கவில்லை. படிக்கிறவர் அதைத் தவறவிட மாட்டார். அடுத்த படத்தில் அவன் உயிரோடு வந்தபோது அவருக்கு வியப்பு இருந்திருக்காது.

இனிக் குறைகள். எனக்குப் பெரிதாகப் படுவது, படத்தின் மிக நல்ல இடங்கள் பக்கத்தில் கிட்டத்தட்ட இல்லாமலே போவது. சென்ட்ரல் பார்க்கில் எரம்பண்ட் என்ற பிரம்மாண்டமான விலங்கைப் பிடிக்க நியூட் ஒரு இணைசேர்க்கை நடனம் ஆடுகிறான். நியூட்டாக நடிக்கும் எடி ரெட்மெய்ன் முதுகை வளைத்து, முனகி, உருண்டு, வெட்கமே இல்லாமல் செய்யும் அந்த ஆட்டத்தில்தான் நியூட் யார் என்பது முழுதாகப் புலப்படுகிறது. மனிதர்களின் கண்ணைப் பார்த்துப் பேசத் தயங்குகிறவன் மிருகத்தின் முன்னால் கூச்சத்தை உதறுகிறான். காகிதத்தில் இது ஒரு செய்கைக் குறிப்பு. அதைப் படித்து யாரும் சிரிக்கப்போவதில்லை. படம் பார்த்ததை நினைத்து வேண்டுமானால் சிரிக்கலாம். இங்கே புத்தகம் தன் காலில் நிற்கவில்லை, நம் நினைவின் தோளில் சாய்ந்து நிற்கிறது.

கடைசிக் காட்சியும் அதே வகை. நினைவு அழிக்கப்பட்ட ஜேக்கப் கோவால்ஸ்கி, தான் அறியாமலே, நியூட்டோடு கண்ட விசித்திர விலங்குகளின் வடிவில் ரொட்டி சுட்டு விற்கிறான். அவன் மனம் கவர்ந்த மந்திரவாதிப் பெண் குவீனி கடைக்குள் வருகிறாள். முன்பு விலங்கு கடித்த கழுத்தை அவன் தொட்டுக்கொள்கிறான், பிறகு சிரிக்கிறான். ஜேக்கப்பாக நடிக்கும் டான் ஃபோக்லரின் சிரிப்பில் இருக்கும் ‘தெரியும், தெரியாது’ என்ற இரண்டுங்கெட்டான் நிலையை எந்தக் குறிப்பும் எழுதிக் காட்ட முடியாது. எழுதினால் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்பது திரைத்துறையில் புழங்கும் தோராயக் கணக்கு. 133 நிமிடப் படத்துக்கு இந்தப் புத்தகம் ஏறத்தாழ 300 பக்கம் ஓடுகிறது. சிறிய தாள், தாராளமான இடைவெளி, மினாலிமா வடிவமைப்பகத்தின் அலங்கார ஓவியங்கள். அந்த ஓவியங்களை நான் குறை சொல்ல மாட்டேன்; படத்துக்குள் வரும் செய்தித்தாள்களையும் அச்சுப் பொருள்களையும் வடிவமைத்தவர்களும் அவர்களே. ஆனால் காட்சியின் நீளத்தைக் கைநிதானத்தில் உணரும் வாய்ப்பு, திரைக்கதை வாசிப்பின் தனி இன்பம், இங்கே கிடைக்காது.

அட்டையில் ஒரே ஒரு எழுத்தாளர் பெயர் பெரிதாக இருப்பதும் ஒரு மயக்கத்தைத் தருகிறது, எல்லாம் அந்த ஒரு மூளையில் உதித்தது போல. அந்தப் படம் வென்ற ஆஸ்கர் ஆடை வடிவமைப்புக்கானது. ஹாரி பாட்டர் உலகத்துப் படங்களுக்குக் கிடைத்த முதல் ஆஸ்கரும் அதுதான். வாங்கியவர் காலீன் அட்வுட். அவருடைய உழைப்பு புத்தகத்தில் ஓரிரு பெயரடைகளாகச் சுருங்கிக் கிடக்கிறது. ஜேம்ஸ் நியூட்டன் ஹோவர்டின் இசை அதற்கும் குறைவு. மூன்றாவது படமான ‘தி சீக்ரெட்ஸ் ஆஃப் டம்பிள்டோர்’ 2022 ஏப்ரலில் வந்து, அதன் திரைக்கதை சில மாதம் கழித்தே வெளியானது. அதில் ஸ்டீவ் க்ளோவ்ஸின் பெயரும் இருந்தது; இயக்குநர், நடிகர், ஆடை வடிவமைப்பாளர் ஆகியோரின் குறிப்புகளும் சேர்ந்தன. ரசிகர்களைப் பிடிக்கும் வணிக யோசனைதான் என்றாலும், நேர்மையான புத்தகம் அதுவே என்பேன்.

இரண்டாவது படமான ‘தி கிரைம்ஸ் ஆஃப் கிரிண்டல்வால்ட்’ (2018) இன்னொரு வகையில் சோதித்துப் பார்க்கத் தகுந்தது. லெஸ்ட்ரேஞ்ச் குடும்பக் கல்லறையில் யார் யாருடைய பிள்ளை, கப்பலில் எந்தக் குழந்தை எதனோடு மாற்றப்பட்டது என்று ஒருவர் மாற்றி ஒருவர் விளக்கும் கட்டம் வருகிறது. அரங்கை விட்டு வெளியே வந்த பலருக்கு அது பிடிபடவில்லை. புத்தகத்தில் படித்தால் பிடிபடுகிறது. அந்த அளவில் இந்த வாசிப்பு படத்துக்குக் கைகொடுக்கிறது. அதே சமயம் அவசரப் படத்தொகுப்பால்தான் குழப்பம் என்று சமாதானம் சொல்லும் வழியையும் அது அடைத்துவிடுகிறது. நிதானமாகப் படித்தாலும் அது நீண்ட நீண்ட விளக்க வசனம்தான். நாவலில் ஒரு அத்தியாயம் எடுத்துக்கொண்டு அவிழ்க்க வேண்டிய முடிச்சை நின்றபடி பேசியே அவிழ்க்கிறார்கள். படத்தைக் காப்பாற்றப் படிக்கப் போனவர் எழுத்தாளரைக் கண்டுபிடித்துவிடுகிறார். திறனாய்வாளருக்கு இந்த வாசிப்பு தரும் மிகப் பெரிய உதவி இதுதான் என்று தோன்றுகிறது.

வில்லியம் கோல்ட்மேனின் ‘தி பிரின்சஸ் பிரைட்’ திரைக்கதையை இதோடு வைத்துப் பார்க்கலாம். 1973இல் நாவலாக வந்த கதை 1987இல்தான் படமானது. இடைப்பட்ட காலத்தில் அந்தப் பிரதி யாரையாவது மயக்கிப் பணம் போட வைக்க வேண்டியிருந்தது. அதனால் செய்கைக் குறிப்புகளிலேயே கோல்ட்மேன் அரட்டை அடிக்கிறார், வரப்போகும் வாள்சண்டையைப் பற்றிப் பெருமை பீற்றுகிறார். படம் பார்த்த பிறகும் அந்தக் குரல் புதிதாகவே இருக்கிறது, ஏனென்றால் அது படத்தில் எங்குமே இல்லை. ரௌலிங்கின் பிரதிக்கு யாரையும் இணங்க வைக்கும் தேவை இருக்கவில்லை. குறிப்புகள் துல்லியமாக இருக்கின்றன, அழகாகவும் இருக்கின்றன. ஆனால் படம் தராத ஒரு குரலை அவற்றில் தேடினால் அரிதாகவே அகப்படுகிறது.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மனமில்லை. கிரிண்டல்வால்டாக முதல் இரண்டு படங்களில் ஜானி டெப், மூன்றாவதில் மேட்ஸ் மிக்கெல்சன். அதற்கு முன் வேடத்துக்குள் ஃபாரல். மூன்று முகங்களுக்கும் ஒட்டுப் போட முடியாமல் திரையில் அந்தப் பாத்திரம் சிதறுகிறது. மூன்று திரைக்கதைகளையும் வரிசையாக வைத்துப் படித்தால், ஆசை காட்டிப் பேசியே ஆளைக் கவிழ்க்கும் ஒரே ஆள் தொடர்ந்து வருகிறான். கிரிடென்ஸிடம் கனிவாகப் பேசிய கிரேவ்ஸும், பின்னால் குவீனியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்பவனும் ஒருவனே என்பது அங்கேதான் உறைக்கிறது.