சொன்னவர் யார்?

அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் சிறிது நேரம் அமர்ந்திருப்பது நம் வழக்கம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் முதல் ஷிப்டு முடித்து வந்த இளைஞர்களும், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர்களும் அங்கே கூடுவர். பேச்சு எங்கே தொடங்கினாலும் முடிவில் கைப்பேசியில் வந்து நிற்கும். 'பிள்ளைகள் கெட்டுப் போனதே இந்தக் கருவியால்தான்' என்பார் ஒருவர். 'கருவி என்ன செய்யும் பாய்? கையாளுகிறவன் சரியாக இருந்தால் போதும்' என்பார் மற்றொருவர். 'நெருப்பில்லாமல் புகையுமா?' என்று மூன்றாமவர் ஏதேனும் ஒரு படத்தைக் காட்டுவார். மக்ரிபுக்கு அழைப்பொலி கேட்டதும் பேச்சு கலையும்.

இம்மாதம் நாம் திறனாய்வுக்கு எடுத்துக்கொண்டது நூல் அன்று; இந்தத் திண்ணைப் பேச்சே. நூலைப் படிப்பவர் சிலர்; இத்தகைய கருத்துகளை நம்பி நடப்பவரோ பலர். ஆதலால் இவற்றையும் உரைத்துப் பார்த்தல் தகும்.

முதற் கருத்து பெரும்பாலும் விளையாட்டைக் குறித்தே எழுகிறது. 2020 செப்டம்பரில் நடுவணரசு 'பப்ஜி' விளையாட்டைத் தடை செய்தபோது நம் பெரியவர்கள் நிம்மதியடைந்தனர். அடுத்த ஆண்டு அது வேறு பெயரில் வந்து நின்றபோது திகைத்தனர். அவர்களுடைய கவலையை நாம் எள்ளி நகையாடவில்லை. இரவெல்லாம் விழித்திருந்து ஃபஜ்ரைத் தவறவிடும் பிள்ளைகளை நாமும் அறிவோம். ஆயினும் பணம் வைத்து ஆடும் ரம்மியையும், பொழுதுபோக்காக ஆடும் ஆட்டத்தையும் ஒரே மூட்டையில் கட்டுவது ஆய்வாகாது. தமிழக அரசு இணையவழிச் சூதாட்டத்திற்கு எதிராக 2022-இல் முன்வைத்து 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்ற சட்டமும், நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிய சட்டமும் இவ்விரண்டையும் வேறு வேறாகவே வைத்துப் பார்க்கின்றன. நம் ஃபிக்ஹு நூல்களும் சூதினை விலக்குகின்றன. விளையாட்டில் கடமை மறக்கும் அளவுக்கு மூழ்குதலைக் கண்டிக்கின்றன. இதற்கு மேல் இதில் நீட்டிப்பதற்கு ஒன்றுமில்லை.

நம்முடைய கவலை சிறுவன் கையிலுள்ள கைப்பேசியைப் பற்றியதன்று. அவனைக் கண்டிக்கும் பெரியவர் கையிலுள்ள கைப்பேசியைப் பற்றியது.

பொன்னேரி வழியாகக் கிழக்கே சென்றால் பழவேற்காடு. ஏரியும் கடலும் சூழ்ந்த அவ்வூரின் பழமையை நம் வாசகர்கள் அறிவர். டச்சுக்காரர் 17ஆம் நூற்றாண்டில் கோட்டை கட்டி வாணிகம் செய்த இடம் அது. மரக்காயர்கள் கப்பலோட்டிய துறை. தொலைதூரத்து மக்கள் வந்து போவதைப் பல தலைமுறைகளாகப் பார்த்துப் பழகிய ஊர். அந்த ஊரில் 2018ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் நாள், வழியில் திரிந்துகொண்டிருந்த ஒரு மனிதரைப் பிள்ளை பிடிப்பவர் என்று ஐயுற்று ஒரு கூட்டம் அடித்துக் கொன்றது. உடலைப் பாலத்தில் தொங்கவிட்டது. மனநலம் குன்றியவராய் இருக்கக்கூடும் என்று பின்னர்ச் செய்திகள் கூறின. அதே நாளில் திருவண்ணாமலை மாவட்டம் போளூர்ப் பக்கத்தில், குலதெய்வக் கோயிலுக்கு வழி கேட்ட ஒரு குடும்பத்தார், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த காரணத்தால் தாக்கப்பட்டனர். அவர்களுள் 65 வயது மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிப்போர் கூட்டம் கூட்டமாக வந்திருக்கின்றனர் என்று வாட்ஸ்அப்பில் அந்நாட்களில் சுற்றிய செய்திகளே இவ்விரு கொடுமைகளுக்கும் வித்து.

இவ்விடத்தில் நம்முடைய தவறு ஒன்றைச் சொல்லாமல் மேலே எழுதுவது நேர்மையாகாது. அந்த மே மாதத் தொடக்கத்தில், ஒரு பெண் அழுகுரலில் பேசும் ஒலிப்பதிவு நமக்கு வந்தது. பொன்னேரிப் பக்கம் பிள்ளை பிடிப்பவர்கள் நடமாடுவதாக அது கூறியது. அனுப்பியவர் நம் மைத்துனர். பொய் சொல்லி நாம் கேட்டறியாதவர். மக்தபில் ஓதும் பிள்ளைகளின் பெற்றோர் குழுவில் அதை உடனே சேர்த்தோம். 'எச்சரிக்கையாக இருங்கள்' என்று நம் பங்குக்கு ஒரு வரியும் எழுதினோம். பழவேற்காட்டுச் செய்தி வந்த அன்று நம் கைப்பேசியிலிருந்து அப்பதிவை அழித்தோம். ஆனால் 'ஹஜ்ரத்தே அனுப்பியிருக்கிறார்' என்று நம்பி மேலும் பலருக்கு அனுப்பியவர்களின் கைகளிலிருந்து அதை எப்படி அழிப்பது? நம் செய்தியால்தான் அக்கொலை நிகழ்ந்தது என்று நாம் சொல்லவில்லை. அதற்கும் நமக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லவும் நம் நா எழவில்லை.

முப்பது ஆண்டுகளாக ஹதீஸ் கலையைக் கற்பிக்கும் ஒருவர் செய்த செயல் இது. அக்கலையின் முதற் பாடமே சொன்னவர் யார் என்று கேட்பதுதான். ஒரு செய்தியை நம் முன்னோர் இரு கூறாகப் பிரித்தனர். செய்தியின் வாசகம் மத்ன். அது யார் யார் வழியாக வந்தது என்னும் தொடர் ஸனது. தொடரிலுள்ள ஒவ்வொருவரும் நேர்மையாளரா, நினைவாற்றல் உள்ளவரா, தமக்கு முன்னவரை நேரில் சந்தித்திருக்க இயலுமா என்று தனித்தனியே ஆராய்ந்தனர். அதற்கென்றே அறிவிப்பாளர் வரலாற்றுக் கலை தோன்றிப் பல்லாயிரம் பேரின் வாழ்க்கைக் குறிப்புகள் தொகுக்கப்பட்டன. இன்னார் என்று அறியப்படாத அறிவிப்பாளரை மஜ்ஹூல் என்றனர். அத்தகையவர் சொன்னதை ஆதாரமாகக் கொள்ளத் தயங்கினர். இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்கள் தம் ஸஹீஹ் நூலின் முன்னுரையிலேயே, காதில் விழுந்ததையெல்லாம் எடுத்துச் சொல்வதைக் கண்டிக்கும் நபிமொழிக்கு இடம் கொடுத்தார்கள். திருமறையின் ஹுஜுராத் அத்தியாயமும், நம்பத்தகாதவர் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்கப் பணிக்கிறது. அறியாமையால் பிறருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரும் என்பதையும் சுட்டுகிறது. வள்ளுவர் அறிவுடைமை அதிகாரத்தில் வற்புறுத்துவதும் சொல்பவர் யாராயினும் பொருளின் உண்மையைத் தேடவேண்டும் என்பதையே.

இந்த அளவுகோலை வாட்ஸ்அப் செய்தியின்மீது வைத்துப் பார்ப்போம். ஒருவர் எழுதியதை மற்றவர் அனுப்புகிறார். அவரிடமிருந்து பெற்றதை வேறொருவர் அனுப்புகிறார். நம்மை வந்து சேரும்போது முதலில் எழுதியவரின் பெயர் அதில் இல்லை. இடையில் வந்தவர்களின் பெயரும் இல்லை. நமக்குத் தெரிவது கடைசியாக அனுப்பியவர் ஒருவரே. அவரோ மைத்துனராகவோ மாமியாகவோ பள்ளிவாசல் இமாமாகவோ இருக்கிறார். நாம் செய்யும் பிழை இவ்விடத்தில்தான் பிறக்கிறது. கடைசிக் கண்ணியின் நற்பெயரைச் சங்கிலி முழுமைக்கும் கொடுத்துவிடுகிறோம். மைத்துனர் பொய்யர் அல்லர் என்பது உண்மை. ஆனால் அவர் கண்ணால் கண்டவரும் அல்லர். அவரை நம்புவதற்கும், அவர் கைமாற்றியதை நம்புவதற்கும் இடையிலுள்ள தொலைவை நாம் அளக்கவில்லை.

ஸனதில் மட்டுமன்று, மத்னிலும் கைவைத்தனர். அவ்வாண்டு இந்தியா எங்கும் உலவிய படமொன்றில், விளையாடிக்கொண்டிருக்கும் சிறுவனை மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் தூக்கிச் செல்வர். கண்டவர் நெஞ்சம் பதறிற்று. உண்மையில் அது பிள்ளைகளின் பாதுகாப்புக்காகக் கராச்சியில் எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். மூலப்படத்தின் முடிவில் அவ்விருவரும் சிறுவனைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டு, பிள்ளையைக் கடத்த ஒரு கணமே போதும் என்ற பொருளில் ஓர் அட்டையைக் காட்டுவர். அந்த முடிவை யாரோ வெட்டி எறிந்தனர். அறிவுரையாகப் பிறந்தது வதந்தியாகி ஊர் ஊராக நடந்தது.

ஐந்தாண்டுகள் கழித்து அம்பு திரும்பி வந்தது. 2018-இல் வடவரைப் பற்றிய பொய் தமிழரிடையே பரவியது. 2023 மார்ச்சில் தமிழரைப் பற்றிய பொய் வடவரிடையே பரவியது. பீகார்த் தொழிலாளர்கள் தமிழகத்தில் கொல்லப்படுவதாகப் படங்கள் சுற்றின. அவற்றுள் ஒன்று பீகார்த் தொழிலாளர்களின் இரு குழுக்களே தமக்குள் மோதிக்கொண்டது. மற்றொன்று கோவையில் உள்ளூரார் தமக்குள் மோதிக்கொண்டது என்று தமிழகக் காவல் துறைத் தலைவர் விளக்கினார். பீகார் அரசு ஒரு குழுவை இங்கே அனுப்பிப் பார்த்தது. ஹோலிப் பண்டிகைக்காக ஊர் திரும்பியவர்களின் கூட்டத்தையும் உயிருக்கு அஞ்சி ஓடும் கூட்டம் என்றே காட்டினர்.

அந்த வாரத்தில் நம் தெருவில் வாடகை அறையில் தங்கியிருந்த பீகார் இளைஞர் ஒருவர் கைப்பேசியுடன் நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். மறுமுனையில் அவர் தாயார் அழுதுகொண்டிருந்தார். 'மவுலானா சாகிப், நான் சொன்னால் அம்மா நம்பவில்லை; பயத்தில் மறைக்கிறேன் என்கிறார்கள். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்' என்றார். மதரஸாவில் கற்ற உருது அன்று பயன்பட்டது. நம் பெயரையும் ஊரையும் சொன்னோம். அவர் மகன் நம் எதிரில் நலமாக நிற்பதையும், காலையில் வேலைக்குப் போய் வந்ததையும் சொன்னோம். கண்டதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டவில்லை. தாயாரின் அழுகை நின்றது. எந்தக் கருவியில் வந்த பொய் அத்தாயைக் கலக்கியதோ, அதே கருவியில் சென்ற மெய் அவரைத் தேற்றியது. இடையில் இருந்த வேறுபாடு ஒன்றே: இம்முறை சொன்னவருக்குப் பெயர் இருந்தது.

இதனால் திண்ணையின் இரண்டாம் கருத்து, அதாவது கருவியின்மேல் குற்றமில்லை என்பது, முழுதும் சரியாகிவிடுமோ? ஆகாது. பெயரை உதிர்த்துவிட்டுச் செய்தியை மட்டும் கொண்டுசெல்லும் அமைப்பு கருவியை ஆக்கியோர் அமைத்ததே. அவர்களும் அதை உணர்ந்தனர் போலும். 2018 ஜூலையில், பிறரிடமிருந்து பெற்று அனுப்பப்பட்டது என்ற அடையாளத்தைச் செய்தியில் பொறித்தனர். இந்தியாவில் ஒரே வேளையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப இயலாமற் செய்தனர். பன்முறை கைமாறிய செய்தியை ஒரு வேளையில் ஓரிடத்துக்கே அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் மேலும் இறுக்கினர். வேகம் குறைந்தது, நன்றே. ஆனால் செய்தி கைமாறியது என்று சொல்லும் அடையாளம், யார் கையிலிருந்து புறப்பட்டது என்று சொல்வதில்லை. ஸனது அறுந்தது என்ற அறிவிப்பு மட்டுமே நமக்குக் கிடைத்திருக்கிறது. அறுந்ததை அறிந்த பின்னும் அனுப்புவோமாயின் குற்றம் கருவியைச் சாராது.

இனி மூன்றாம் கருத்து: நெருப்பில்லாமல் புகையுமா? இதை நாம் எளிதில் தள்ளிவிடுவதற்கில்லை. 2021 டிசம்பரில், நம் திருவள்ளூர் மாவட்டத்துப் பூந்தமல்லிக்கு அருகே, பாக்ஸ்கான் தொழிற்சாலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாயிற்று. 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சிலர் இறந்துவிட்டதாகச் செய்தி பரவியது. தோழியரின் நிலை அறியாத பெண்கள் இரவோடிரவாகச் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். இறந்ததாகச் சொல்லப்பட்டவர்கள் உயிருடன் இருப்பதைக் காணொளி அழைப்பில் காட்டவேண்டியதாயிற்று. மரணச் செய்தி பொய். ஆனால் கெட்ட உணவு மெய். நெருக்கடியான விடுதி மெய். தோழி எங்கே என்ற கேள்விக்கு உரிய நேரத்தில் விடை கிடைக்காததும் மெய். உண்மையைக் கையில் வைத்திருப்போர் வாய் திறவாதபோது அந்த வெற்றிடத்தைப் பொய் நிரப்புகிறது. ஆகவே புகையைக் கண்டால் நெருப்பைத் தேடிப் போகவேண்டும் என்பது சரியே. தேடாமலே ஊர் எரிகிறது என்று கூவுவதுதான் தவறு. பழவேற்காட்டில் தேடியிருந்தால் நெருப்பே இல்லை என்பது புலப்பட்டிருக்கும்.

இறுதியாக, நம் மிம்பர்களையும் இதே தராசில் வைக்கவேண்டும். வெறும் துணியைக் காட்டித் தன் குதிரையை ஏமாற்றி அழைத்த ஒருவரிடம், விலங்கிடம் பொய்த்தவர் என்பதால் ஹதீஸ் பெறாமலே இமாம் புகாரி (ரஹ்) திரும்பினார்கள் என்றொரு கதையை நாம் பலமுறை பாடத்தில் சொல்லியிருக்கிறோம். சென்ற ஆண்டு ஒரு மாணவர் எழுந்து, 'ஹஜ்ரத், இந்தக் கதைக்கு ஸனது உண்டா?' என்று பணிவுடன் கேட்டார். இரவில் நம்மிடமுள்ள நூல்களைத் துருவினோம். தொடர் ஏதும் கிடைக்கவில்லை. மறுநாள் வகுப்பில் அதை ஒப்புக்கொண்டோம். செய்தியை ஆராயவேண்டும் என்று கற்பிக்க, ஆராயாத ஒரு செய்தியையே இத்தனை ஆண்டுகளாகக் கைமாற்றியிருக்கிறோம். கைப்பேசி வருமுன்னரே நம்மிடம் இந்நோய் இருந்தது.

அந்த மாணவர் இரவில் கைப்பேசியில் விளையாடுபவர் என்று அவர் தந்தை திண்ணையில் நம்மிடம் குறைபட்டதுண்டு. இருக்கலாம், அதற்கு அவரைக் கண்டிப்போம். ஆனால் 2018-இல் நாம் கேட்கத் தவறிய கேள்வியைக் கேட்டவர் அவரே. பழவேற்காட்டில், பெயர் அறியாத ஒருவர் சொன்னதை நம்பி, பெயர் அறியாத ஒருவரைக் கொன்றனர். அன்று ஒரே ஒருவர் கைப்பேசியைத் தாழ்த்தி, 'இதைச் சொன்னவர் யார்?' என்று கேட்டிருந்தால் ஓர் உயிர் மிஞ்சியிருக்கக்கூடும்.

இன்றிரவும் நம் கைப்பேசிகளுக்கு ஏதேனும் வரும். அனுப்புமுன் அக்கேள்வியை ஒருமுறை கேட்போம். விடை கிடைக்கவில்லையாயின் செய்தி நம்மிடமே தங்கட்டும். வல்லாஹு அஃலம்.