நிய்யத்து மட்டும் போதுமா?

அரசியல் மர்மக் கதை என்றாலே நம் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பர். பொழுதை வீணாக்கும் புத்தகம் என்று ஒதுக்கிவிடுவர். அவ்வாறு ஒதுக்கக் கூடாத ஒரு நூல், ஆங்கில எழுத்தாளர் கிரஹாம் கிரீன் எழுதி 1955இல் வெளிவந்த 'தி கொயட் அமெரிக்கன்' என்னும் புதினமாகும்.

கதை நிகழுமிடம் அந்நாளில் வியட்நாமின் தலைநகராயிருந்த சைகோன். அது நமக்கு அந்நிய ஊரன்று. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் காரைக்கால், புதுவைப் பகுதிகளிலிருந்து வாணிபத்தின் பொருட்டுச் சென்ற தமிழ் முஸ்லிம்கள் அங்கே வாழ்ந்தனர். தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் எழுப்பிய பள்ளிவாசல் டோங் டு தெருவில் இன்றும் நிற்கிறது. கதை மாந்தர் உலவும் கத்தினா வீதி அதற்கு மிக அருகிலேயே உள்ளது.

பைல் என்னும் அமெரிக்க இளைஞன் பொருளாதார உதவிக் குழுவில் பணியாற்ற வருகிறான். பண்பானவன்; தனக்கென எதையும் வேண்டாதவன். பிரெஞ்சுக்காரரும் பொதுவுடைமையினரும் அல்லாத மூன்றாவது சக்தி ஒன்றே அந்நாட்டை மீட்கும் என்று ஏதோ ஒரு நூலில் படித்ததை வேதவாக்காகக் கொள்கிறான். அதற்காகத் தளபதி ஒருவனுக்கு வெடிமருந்து தருகிறான். சதுக்கத்தில் குண்டு வெடிக்கிறது. பெண்களும் குழந்தைகளும் மடிகின்றனர். பைலோ தன் காலணியில் படிந்த குருதியைத் துடைக்க வேண்டுமே என்று கவலையுறுகிறான்! 1952 ஜனவரி 9இல் அந்நகரில் மெய்யாகவே நிகழ்ந்த குண்டுவெடிப்பே இக்காட்சிக்கு அடிப்படை.

கதையைச் சொல்லும் ஆங்கிலச் செய்தியாளர் ஃபௌலர் எப்பக்கமும் சாராதவர் என்று தம்மைக் கூறிக்கொள்பவர். இனியும் உயிர்கள் மடியாதிருக்கப் பைலை எதிரிகளிடம் காட்டிக்கொடுக்கிறார். ஆனால் அவர் விரும்பும் ஃபுவோங் என்னும் பெண்ணைக் கவர்ந்து சென்றவனும் அதே பைல்தான். ஆகவே அவர் செய்தது நீதியா, பழிவாங்கலா?

இங்கேதான் நூலின் உயர்வு விளங்குகிறது. ஒருவனுக்கு நிய்யத்துத் தூயது, செயல் கொடியது. மற்றவருக்குச் செயல் பல உயிர்களைக் காத்திருக்கலாம்; நிய்யத்துக் கலப்படமானது. செயல்கள் எண்ணத்தால் எடைபோடப்படும் என்று கற்று வளர்ந்த நாம், அறிவின்றி வைக்கும் நல்லெண்ணம் பிறர் உயிரைக் குடிக்கும் என்பதையும் இக்கதையினின்று கற்கிறோம். 1958இல் வந்த திரைப்படம் பைலைக் குற்றமற்றவனாக்கி இந்தச் சிக்கலையே அழித்துவிட்டது.

நூலில் குறையும் உண்டு. இருவரும் ஃபுவோங்குக்காகப் போட்டியிடுகின்றனர். அவள் உள்ளம் மட்டும் நமக்குத் திறக்கப்படுவதேயில்லை. அவள் நாட்டின் நிலையும் அதுவே. எல்லோரும் அதற்கு நன்மை செய்ய வருகின்றனர். எவரும் அதனிடம் கேட்பதில்லை.

எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் அமர்ந்து இதைப் படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது. இக்கரையிலும் துறைமுகம் வந்தது. மீனவர் குடியிருப்பு இடம் பெயர்ந்தது. திட்டம் வகுத்தோர் அனைவரும் தீயவர் என்று சொல்ல மாட்டேன். வரைபடத்தை விரிக்குமுன் வலை உலர்த்துபவரிடம் கேட்டார்களா என்பதே என் வினா.

இறுதியில் ஃபௌலர் விரும்பியதெல்லாம் அவருக்குக் கிட்டிவிடுகிறது. ஆயினும் மன்னிப்புக் கேட்க ஒருவர் இருக்கலாகாதா என்று இறைநம்பிக்கையற்ற அந்த மனிதர் ஏங்குகிறார். தவ்பாவின் வாசல் திறந்திருப்பதை அறிந்த நாம் அந்த ஏக்கத்தை எளிதில் கடந்துவிட முடியாது. வளர்ந்த பிள்ளைகள் படிக்கட்டும். பெற்றோரும் உடன் படிக்கட்டும்.