‘தல’ இறங்கினால் போதுமா?

ராஞ்சியில் பிறந்தவர். தமிழில் சில சொற்களைத் தாண்டாதவர். 2008 ஐபிஎல் ஏலத்தில் 15 லட்சம் டாலர் கொடுத்து சென்னை சூப்பர் கிங்ஸ் வாங்கியபோது மகேந்திர சிங் தோனி விலை அதிகமான வெளியூர்க்காரர், அவ்வளவுதான். அஜித் ரசிகர்கள் வைத்திருந்த ‘தல’ பட்டம் பிறகு அவரிடமும் ஒட்டிக்கொண்டது. இதற்கெல்லாம் கோப்பைகளைக் காரணம் காட்டுவது எளிது. ஆனால் ஐந்து கோப்பைகளை வென்று தந்த ரோஹித் சர்மாவிடமிருந்து மும்பை அணி 2024 பருவத்துக்கு முன் தலைமையை எடுத்துக்கொண்டது. சென்னையில் அப்படி ஒரு பேச்சை எழுப்பவே யாருக்கும் துணிவு வராது.

இந்தப் பாசம் இறுகியது வெற்றியில் அல்ல, அவமானத்தில். சூதாட்ட விவகாரத்தால் அணிக்கு இரண்டு ஆண்டுத் தடை. 2018இல் திரும்பி வந்தால், காவிரிப் போராட்டத்தால் சொந்த மைதானமான சேப்பாக்கத்தில் ஒரே ஆட்டம்தான் நடந்தது. மீதி புனேவுக்குப் போயின. ரசிகர்கள் தனி ரயிலேறி அங்கே போனார்கள். அந்த ஆண்டே கோப்பையும் வந்தது. கெட்ட காலத்தைக் கூடவே கடந்தவரைத் தமிழ்நாட்டு ரசிகர் லேசில் விடுவதில்லை.

அவருடைய சுபாவமும் உதவியது. 2023இல் வென்ற கோப்பையை வாங்க சக வீரர்கள் ராயுடுவையும் ஜடேஜாவையும் முன்னே நிறுத்தினார். அதே மனிதர் 2019இல் ஜெய்ப்பூரில் நோ பால் தகராறுக்காக மைதானத்துக்குள் நடந்துபோய் நடுவர்களிடம் வாதாடினார். ஆட்டச் சம்பளத்தில் பாதி அபராதம். வேறு வீரர் செய்திருந்தால் திமிர் என்றிருப்பார்கள். இவர் செய்தபோது, ‘தலைக்கே கோபம் வந்துவிட்டதே’ என்று ரசித்தார்கள்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. தோனிக்கு முன்னால் தான் இறங்கினால், தான் அவுட்டாவதற்காக ரசிகர்கள் காத்திருப்பார்கள் என்று 2023இல் ஜடேஜா சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிப்பாகச் சொன்னாலும் விஷயம் சிரிப்புக்குரியதல்ல. சொந்த அணியின் விக்கெட் விழும்போது சொந்த மைதானம் ஆர்ப்பரிப்பது எந்த வகை விசுவாசம்?

2025 மார்ச் 28, சேப்பாக்கம். பெங்களூருவுக்கு எதிராக இலக்கு 197. அஸ்வினுக்கும் பின்னால், ஒன்பதாவது ஆளாக தோனி வந்தார். ஆட்டம் அதற்குள் கைநழுவிவிட்டது. அவர் 16 பந்தில் 30 ரன் எடுத்தார், கடைசி ஓவரில் சிக்ஸர்கள் பறந்தன, அரங்கம் குதித்தது. சென்னை 50 ரன்னில் தோற்றது. பெங்களூரு அங்கே வென்றது 2008க்குப் பிறகு அதுவே முதல் முறை. அவருடைய முழங்கால் முன்போல இல்லை, பத்து ஓவர் ஓடி ஆட முடியாது என்று சில நாளில் பயிற்சியாளர் ஃபிளெமிங்கே விளக்கம் தந்தார்.

43 வயது உடலுக்கு அது இயல்பு. அதில் தோனியின் குற்றம் எதுவுமில்லை. ரசிகரின் பாசத்திலும் குற்றமில்லை, அவர் காசு கொடுத்து வருவதே தோனியைப் பார்க்கத்தான். ஆனால் அந்தக் கூச்சலைக் கணக்கில் வைத்து அணியைக் கட்டுவது நிர்வாகத்தின் பிழை. அந்தப் பருவத்தில் 14 ஆட்டங்களில் 4 வெற்றிதான். ஐபிஎல் வரலாற்றில் சென்னை முதன்முறையாகக் கடைசி இடத்தில் முடித்தது.