தங்கமீனும் கண்ணாடிக் கிண்ணமும்

வட்டமான கண்ணாடிக் கிண்ணம். அதனுள் ஒரே ஒரு தங்கமீன். இக்காட்சியைத் திரைப்படங்களிலும் நாட்காட்டிகளிலும் நீங்கள் பலமுறை பார்த்திருப்பீர்கள். சில வீடுகளின் மேசைமீதும் அது உண்டு. அங்கே கிண்ணம் நிலைத்திருக்கும். மீன்தான் மாதம் ஒன்றாக மாறிக்கொண்டிருக்கும். "எங்கள் வீட்டிற்கு மீன் ராசியில்லை" என்பார்கள். ராசிக்கும் இதற்கும் தொடர்பில்லை. குற்றம் கிண்ணத்தினுடையது, அதைவிட, கிண்ணத்தோடு சேர்த்து இலவசமாகக் கிடைக்கும் அறிவுரையினுடையது.

இத்தாலியிலுள்ள மோன்சா நகரம் 2004இல் வளைந்த கிண்ணங்களில் தங்கமீன் வளர்ப்பதைத் தடை செய்தது. வளைந்த கண்ணாடியின் வழியே மீனுக்கு உலகம் கோணலாகத் தெரியும் என்பது அங்கே சொல்லப்பட்ட காரணம். இயற்பியல் அறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங் 2010இல் வெளிவந்த தம் நூலொன்றில் இதை எடுத்துக்கொண்டு, நாம் காணும் உலகம் மட்டும் கோணலற்றது என்பதற்கு என்ன உறுதி என்று கேட்டார். தத்துவத்திற்கு நல்ல கேள்விதான். ஆனால் மீனின் முதற் கவலை கண்ணைப் பற்றியதன்று, செவுளைப் பற்றியது. தடை சரி, சொன்ன காரணம் வலுவில்லாதது.

உண்மையான காரணத்தைக் கணக்கிட்டே பார்க்கலாம். மீன் உணவு உருண்டைகளில் 100க்கு 35 பங்கு புரதம் என்று கொள்வோம். புரதத்தில் ஏறத்தாழ 16 பங்கு நைட்ரஜன். ஆகவே 1 கிராம் உணவில் 56 மில்லிகிராம் நைட்ரஜன் இருக்கிறது. மீன் உண்டதில் ஒரு பகுதி செவுள் வழியே அம்மோனியாவாக வெளியேறும். உண்ணாமல் விட்டதும் அழுகி அம்மோனியாவாகும். பாதி நைட்ரஜனே இப்படி வெளிவருகிறது என்றாலும், 4 லிட்டர் கிண்ணத்தில் லிட்டருக்கு 7 மில்லிகிராம் சேர்ந்துவிடும். நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். எண் 7ஆக இருந்தால், இதில் நச்சு வடிவில் நிற்பது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. எண் 8ஆகி, நீரும் நம் ஊர்க் கோடையைப் போல் 30 டிகிரியில் இருந்தால், அது 7 பங்காகிவிடும். அதாவது லிட்டருக்கு அரை மில்லிகிராம். இதில் பத்தில் ஒரு பங்கே செவுளைப் புண்ணாக்கப் போதும். நீர் அப்போதும் கண்ணாடிபோலத் தெளிவாகத்தான் இருக்கும்!

குளத்தில் இந்த நஞ்சைச் சில பாக்டீரியாக்கள் முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. தொட்டியிலும் அவை வரும். மணலிலும் வடிகட்டிப் பஞ்சிலும் ஒட்டிக்கொண்டு பெருகும். ஆனால் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். இப்போது வழக்கமான அறிவுரையைப் பாருங்கள்: "வாரந்தோறும் எல்லா நீரையும் கொட்டிவிட்டு, நன்றாகத் தேய்த்துக் கழுவி, புது நீர் ஊற்றுங்கள்." குடியேற வந்த பாக்டீரியாக்களை வாரந்தோறும் துரத்திவிடும் ஏற்பாடு இது. புதுக் குழாய் நீரில் குளோரின் இருந்தால் மிச்சமிருப்பவையும் மடியும். நான்கில் ஒரு பங்கு நீரை மட்டும், ஒரு நாள் திறந்து வைத்த நீரால் மாற்றுவதே முறை.

"மூன்று வேளை போடுங்கள், பாவம், பசிக்கும்" என்பது இன்னோர் அறிவுரை. தங்கமீனுக்கு இரைப்பையே கிடையாது. உண்டது நேரே குடலுக்குச் செல்வதால் அது எப்போதும் இரை தேடிக்கொண்டே இருக்கும். நம்மைக் கண்டதும் வாயைத் திறப்பது பசிக்கு அடையாளமாகாது. இரண்டு மூன்று நிமிடங்களில் தின்று தீர்ப்பதை மட்டும் போடுங்கள். ஒரு நாள் போடாமல் விட்டாலும் கெடுதலில்லை.

மீனைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே ஏமாற்றம்தான். சீனத் தோட்டக் குளங்களில் உருவாக்கப்பட்ட தங்கமீன் 20 சென்டிமீட்டருக்கு மேல் வளரும், பத்தாண்டுக்கு மேல் வாழும். அதைக் கிண்ணத்திற்கென்று விற்பது, கன்றுக்குட்டியைக் காட்டி மாடிக்குடியிருப்பில் மாடு விற்பதைப் போன்றது. சண்டை மீன் மேற்பரப்பிற்கு வந்து காற்றைச் சுவாசிக்க வல்லது. அதனால் சிறு புட்டியிலும் உடனே சாவதில்லை. சாகாததை நலம் என்று எடுத்துக்கொள்கிறோம். பாசி தின்று தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று விற்கப்படும் தென் அமெரிக்க 'சக்கர்' மீனோ விரல் நீளத்தில் வந்து முழங்கை நீளத்திற்கு வளர்கிறது. இடம் போதாமல் ஏரியில் விடுகிறார்கள். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நீர்நிலைகளில் அது பெருகி, மீனவர் வலைகளைத் தன் முள்ளால் கிழிக்கிறது. கப்பி போன்ற சிறு மீன்களையும் ஏரியில் விடலாகாது.

சென்னைக் கொளத்தூர் போன்ற இடங்களில் சிமெண்டுத் தொட்டிகளில் மீன் வளர்ப்போரிடம் வாங்கும்போது, விலைக்கு முன், "முழு வளர்ச்சியில் எவ்வளவு நீளம் வரும்?" என்று கேளுங்கள். முதல் முயற்சிக்கு இரண்டடி நீளமுள்ள செவ்வகத் தொட்டி, பஞ்சு வடிகட்டி, நான்கைந்து கப்பிகள் போதும். முதல் மாதம் உணவைக் குறைத்தே போடுங்கள். மற்ற மீன்களைப் பிறகு சேர்க்கலாம்.

வீட்டில் ஏற்கெனவே கிண்ணம் இருக்கிறதா? மணி பிளாண்ட் கொடியை அதில் வையுங்கள். தொட்டியிலிருந்து வாரந்தோறும் எடுக்கும் பழைய நீர் அதற்கு நல்ல உரம். அந்த நீரையும் வாரம் ஒருமுறை கட்டாயம் மாற்றுங்கள். இல்லையேல் கொசு முட்டையிடும்.