காட்சித் தொகையும் பொருளும்

திரைப்படத் தொகுப்பு என்பது வேண்டாத பகுதியைக் கத்தரித்து எறியும் வேலை என்று கருதுவோர் உளர். சொல்லோடு சொல் சேர்ந்து பொருள் தருதல்போலக் காட்சியோடு காட்சி சேர்ந்து பொருள் தருவதே அக்கலையின் உயிராகும்.

செர்கெய் ஐசன்ஸ்டைனின் 'போர்க்கப்பல் பொட்டெம்கின்' 1925ஆம் ஆண்டில் உருவான ஊமைப்படம். அதில் கப்பலின் பீரங்கி முழங்கியதும் மூன்று கற்சிங்கங்கள் அடுத்தடுத்துத் தோன்றுகின்றன. ஒன்று உறங்குகிறது, ஒன்று விழித்திருக்கிறது, ஒன்று எழுந்திருக்கிறது. அசையாத மூன்று சிலைகள் இணைந்தவுடன் கல்லே வெகுண்டெழக் காண்கிறோம். அவ்வெழுச்சி எந்தத் தனிக்காட்சியிலும் இல்லை. பொன்னையும் தொடியையும் சொல்லி, அவற்றை அணிந்த பெண்ணை உணர்த்தும் 'பொற்றொடி' என்னும் அன்மொழித்தொகை போன்றது இது.

வண்ணத்திலும் இதே சிக்கனத்தைக் காணலாம். கறுப்பு வெள்ளைப் படமாகிய இதில், கப்பலில் ஏறும் கொடிக்கு மட்டும் படச்சுருளில் கையால் சிவப்புத் தீட்டினர்.

ஆயினும் இவ்வாற்றலில் ஓர் இடரும் உண்டு. 1905இல் ஒடெசா நகரில் மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டது உண்மை. ஆனால் படிக்கட்டுகளில் படைவீரர் அணிவகுத்து இறங்கிச் சுடும் அப்புகழ்பெற்ற காட்சி இயக்குநரின் கற்பனை அமைப்பு. அதனையே வரலாறென நம்பியோர் பலர். தொகுப்பின் வெற்றியே உண்மையை மறைக்கும் திரையும் ஆயிற்று.

ஆதலின், சொற்றொடரைப் பிரித்துப் பொருள் காணப் பயிற்றும் ஆசிரியர்கள் காட்சித்தொடரையும் அவ்வாறே பிரித்துக் காணப் பயிற்றுதல் வேண்டும். இணைப்பை அறிந்த மாணவன் படத்தை நன்கு சுவைப்பான். எளிதில் ஏமாறவும் மாட்டான்.